அண்ணாச்சி கடை மூலைமட்டம்

தங்கப்பழம் அண்ணாச்சியின் மெஷின் கடைக்குள் நுழைந்தால் பெரிய ஆசாரிகளே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அங்கே கட்டில், நாற்காலி செய்யும் மாசானம் ரம்ப மெஷின் வாங்க வந்தான். பழைய மெஷினைப்போல இந்த மெஷினும் கோணலாக அறுத்தால் அவன் சின்னப் பட்டறையை மூட வேண்டியதுதான். கூடவே, அவனிடம் உப்புத்தாள் தேய்க்கும் இசக்கியம்மாளும் வந்திருந்தாள்.

ரம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று காட்ட, அண்ணாச்சி பளபளக்கும் ‘ட’ வடிவ மூலைமட்டத்தை அதில் ஒட்டி வைத்தார். "வெளிநாட்டு மட்டம்! மயிரிழை பிசகுதா பாரும்."

"ரம்பம் சாஞ்சில்லா இருக்கு," என்றாள் இசக்கியம்மாள்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. "மட்டம், அளவுகோல் எதையும் தொடாம நிரூபி பார்ப்போம். நிரூபிச்சா மெஷினைச் சும்மாவே தூக்கிட்டுப் போ!"

"ஒரு பலகையை அறுத்துக் குடுங்க அண்ணாச்சி, போதும்."

அவரே அறுத்துக் கொடுத்தார். அவள் ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, அறுத்த பக்கங்களை ஒட்ட வைத்தாள். நடுவே ஆப்பு மாதிரி வெளிச்சம் விழுந்தது.

"நேரா அறுத்திருந்தா எப்படிப் புரட்டினாலும் பொருந்தும். கோணல்னா ரெண்டு மடங்காக் காட்டிக் குடுத்துரும்."

தினமும் பார்க்கும் இசக்கியம்மாளை மாசானம் இன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போ," என்றார் அண்ணாச்சி, வேர்வையைத் துடைத்தபடி.

"மெஷின் நல்ல மெஷின்தான், ரம்பத்தை நிமித்தினா சரியாயிரும்," என்றாள் இசக்கியம்மாள். "கோணல் உங்க மட்டத்துல இருக்கு. இதை வச்சு எத்தனை மெஷினை நேராக்கி வித்தீங்க அண்ணாச்சி?"

வாசலில் அப்போது இரண்டு ஆசாரிகள் நுழைந்தார்கள். முதல்முறையாக அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்: "மெதுவாப் பேசும்மா."