பத்து ஆணி

ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஓவியர்கள் பதினொரு பேர். அவர்கள் வருடாவருடம் கண்காட்சி வைக்கும் கோயமுத்தூர் பங்களாவின் கூடத்தில் ஆணிகள் பத்து. குழு தொடங்கி இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான். இன்னொரு ஆணி அடிக்க யாருக்கும் தெரியாமல் இல்லை. அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் விலகிப்போன இடத்தில் பதினோராவது ஆளாக இந்த வருடம் சேர்ந்தவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்பது. மில்லில் முப்பது வருடம் துணி சோதித்தவர். ஓடுகிற துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் கையைத் தூக்கி மிஷினை நிறுத்திவிடுவார். முதலாளி மகன் பக்கத்தில் நின்றாலும் நிறுத்துவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பிலோமினா டீச்சரிடம் எட்டு வருடம் படம் வரையக் கற்றார். டீச்சர் அவரைவிட ஏழு வயது இளையவர், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

கண்காட்சியன்று காலை டிபன் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். பேர் வந்தவர்தான் ஆளுக்கொன்றாக வந்த படங்களை மாட்ட வேண்டும். எந்தப் படத்தை விடுவது என்பது அவர் இஷ்டம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அன்று வந்தது நாச்சிமுத்துவின் பேர். ஏணி பிடிக்க டீச்சர் மட்டும் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க சார்."

"ரெண்டு ஓவியர் ஒரு ரூம்ல ஒரு மணி நேரம் இருந்தாலே சண்டைங்கறாங்க. நீங்க எப்படி இத்தனை வருஷமா உடையாம இருக்கீங்க?"

"முதல்ல படத்தை மாட்டுங்க."

மாட்டினார். ஒன்பது ஆணி நிறைந்தது. கீழே சுவரோரம் இரண்டு படங்கள் மீதி. ஒன்று அவருடையது, மில் வாசலில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் சைக்கிள்கள். இன்னொன்று டீச்சருடையது, குளத்தில் கொக்குகள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மனைவி வருகிறாள், ஈரோட்டிலிருந்து மகள் வருகிறாள், மில் சகாக்கள் வேன் பிடித்து வருகிறார்கள். எட்டு வருட உழைப்பு அது. ஆனால் டீச்சரிடம் மனஸ்தாபம் வந்தால் படம் வரையப் போக அவருக்கு வேறு இடம் கிடையாது. நாச்சிமுத்து சட்டென்று தன் படத்தை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏன், நல்லாயில்லையா?" என்றார் டீச்சர்.

"நல்லாத்தானுங்க இருக்கு."

"அப்புறம்?"

"புதுசா வந்தவன். அடக்கமா இருக்கலாம்னு."

"அடக்கமா, பயமா?"

அவர் குனிந்து ஏணியின் காலைச் சரிசெய்தார்.

"மில்லுல முதலாளி வீட்டுத் துணின்னா விட்டுருவீங்களா?"

"விடமாட்டேனுங்க."

"அப்ப சோதிங்க."

நாச்சிமுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பத்தடி பின்னால் போனார். கிட்டே வந்தார். மறுபடி பின்னால் போனார். மூன்றாம் முறை போனபோது கை தானாக உயர்ந்தது, மில்லில் உயர்வது போலவே. பிறகு சைக்கிள் படத்தைத் தூக்கிப் பத்தாவது ஆணியில் மாட்டினார்.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"என்ன தப்பு?" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "கேக்கக் கூடாது. கேட்டுட்டேன். சொல்லுங்க."

"சொன்னாக் கோவிச்சுக்குவீங்க."

"ஏற்கெனவே கோவத்துலதான் இருக்கேன். சொல்லுங்க சார்."

"கொக்கு பிரமாதமுங்க. ஆனா தண்ணியில உங்க கை மட்டும் போயிருக்கு, கண்ணு கூடவே போகலை. ஆள் பாக்காத தறியில ஓடின துணி மாதிரி இருக்கு."

டீச்சர் படத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். தண்ணீரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். நாச்சிமுத்துவுக்கு ஏணியில் ஏறித் தன் படத்தைக் கழற்றுவதா, வாசலைப் பார்த்து நடப்பதா என்று புரியவில்லை.

"போன வருஷத்துத் தண்ணி," என்றார் டீச்சர் கடைசியில். "குளத்துக்கே போகாம வரைஞ்சேன்."

படத்தைத் தாளில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். பிறகு சொன்னார்: "சைக்கிள் படம் வலதுபக்கம் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. தூக்குங்க."

தூக்கினார்.

மற்ற ஒன்பது பேரும் திரும்பி வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "மேசை விரிப்பு இந்தாங்க பிலோமினா," என்று எடுத்துக் கொடுத்தார்.

கூடத்து வாசலில் ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு, வருகைப் பதிவேட்டுக்காக. எட்டு வருடமாக வேடிக்கை பார்க்க வந்த நாச்சிமுத்து, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு ஓவியர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அது குழு தரும் மரியாதை என்றே நினைத்திருந்தார். ஆணி கிடைக்காதவர் உட்காரும் இடம் அது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்து மணிக்குக் கூட்டம் வந்தது. டீச்சர் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். நாச்சிமுத்துவின் மனைவியிடம் பேனாவைக் கொடுத்து, "பத்தாவது படத்தை விட்டுறாதீங்க," என்றார். மில் சகாக்கள் சைக்கிள் படத்தின் முன்னால் நின்று அது யார் சைக்கிள் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசில் ஒரு முள்ளும் இருந்தது.

கூட்டம் குறைந்ததும் வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வகுப்புக்கு வரலாமுங்களா?"

"குளத்துக்கு வாங்க. காலைல ஆறு மணிக்கு. தண்ணி பாக்கணும்."

அவருக்கு மூச்சு வந்தது.

"காலையில ஒண்ணு கேட்டேனுங்க. நீங்க பதிலே சொல்லலை."

டீச்சர் பதிவேட்டை மூடினார். உட்கார்ந்தபடியே உடம்பை அசைத்தார். நாற்காலி கிரீச்சிட்டது.

"எப்படி ஆடுது பாத்தீங்களா? குழுவுல இதுல உட்காராத ஆளு உங்களைத் தவிர யாரும் இல்ல. எனக்கு இது மூணாவது தடவை. அடுத்த வருஷம் சீட்டுல என் பேர் வந்தாலும் வரும், சார். நல்லா வரைஞ்சு எடுத்துட்டு வாங்க."