மூன்று முறை பிணமான எறும்பு

குளக்கரை மருத மரத்தடியில் ஒரு கட்டெறும்புக் கூட்டம் வாழ்ந்தது. அந்தக் கூட்டத்தில் எல்லாக் காரியமும் வாடையால்தான் நடக்கும். தீனியைக் கண்ட எறும்பு வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே வீடு திரும்பும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மற்றவை வரிசையாகப் போகும். ஆபத்து என்றால் அதற்கு ஒரு காரமான வாடை. சாவுக்கும் ஒரு வாடை உண்டு. ஆனால் அது செத்த அன்றே வராது. இரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதுவரைக்கும் பிணம் நடுவழியில் கிடந்தாலும், தூங்குகிறாள் போலிருக்கிறது என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள்.

வாடை வந்துவிட்டால் மூக்காயி வருவாள். பிணம் தூக்குவது அவள் வேலை. அவளுக்குக் கீழே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். தூக்கிய பிணத்தை ஆவாரம் புதருக்கு அடியில் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மூக்காயி ஒருமுறை மோந்து பார்த்தால் போதும். இரண்டாம் முறை மோந்து பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

அதே புற்றில் பேச்சி என்று ஓர் எறும்பு இருந்தாள். தீனி தேடிப் போவது அவள் வேலை. மழை விட்ட ஒரு நாள் காலையில் அவள் குளக்கரைப் பக்கம் போனாள். குளம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கரையில் ஒரு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தது. வளையின் மறுபக்கத்தில் தண்ணீர் கசிந்து ஒரு கோடாக இறங்க ஆரம்பித்திருந்தது. அந்தக் கோடு நேராக மருத மரத்தைப் பார்த்து வந்தது.

வளையைக் கொஞ்சம் அடைக்க முடியுமா என்று பேச்சி நண்டிடம் கேட்டாள். தான் வீடு கட்டுவதாகவும், தண்ணீர் எங்கே போகிறது என்பது தண்ணீரின் பாடு என்றும் நண்டு சொல்லிவிட்டது.

பேச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் புற்றைத் தொடும். புற்றின் அடியறையில்தான் கூட்டத்தின் முட்டைகள் அத்தனையும் இருந்தன. அவள் திரும்பி ஓட்டமெடுத்தாள். வழியில் ஒரு வெட்டுக்கிளி செத்து அழுகிக் கிடந்தது. சுற்றிப் போக நேரமில்லை என்று அதற்குள் புகுந்து வெளியே வந்தாள். வரும்போது தலைமுதல் கால்வரை ஒரு பிசுபிசுப்பான எண்ணெய் ஒட்டிக்கொண்டது. பேச்சி அதைப் பொருட்படுத்தவில்லை.

வாசலில் மூக்காயி நின்றிருந்தாள். பேச்சி மூச்சிரைக்க, தண்ணீர் வருகிறது, முட்டைகளை மேலே ஏற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். மூக்காயி அவளை ஒருமுறை மோந்தாள். பிறகு இடுப்பைக் கவ்வித் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டைப் பார்த்து நடந்தாள்.

“அக்கா, நான் பேச்சி. உயிரோடதான் இருக்கேன்.”

“காலை ஆட்டாதே,” என்றாள் மூக்காயி. “எனக்குத் தூக்கச் சிரமமா இருக்கு.”

பேச்சி ஆபத்து வாடையைப் பீய்ச்சி அடித்துப் பார்த்தாள். வெட்டுக்கிளி எண்ணெயின் நாற்றத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை. மூக்காயி அவளைக் குப்பைமேட்டில் பதமாக இறக்கிவைத்தாள், ஆறு கால்களையும் ஒழுங்காக மடித்துவிட்டாள், போய்விட்டாள்.

பேச்சி எழுந்து மண்ணில் புரண்டாள். கால்களைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். எண்ணெய் மூட்டுகளுக்குள் இறங்கியிருந்தது. லேசில் போகிற மாதிரி தெரியவில்லை. தண்ணீர்க் கோடு அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது. அவள் மறுபடியும் புற்றுக்கு ஓடினாள்.

இந்த முறை வாசலில் வீராயி இருந்தாள். முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலிகளுக்கு அவள்தான் தலைவி. பேச்சியும் அவளும் ஒரே நாளில் புழுக்கூட்டை உடைத்துப் பிறந்தவர்கள். இவளாவது கேட்பாள் என்று பேச்சி நம்பினாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நண்டைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், அடியறையைச் சொன்னாள். வீராயி அவளை மோந்தாள். அவள் முகம் வாடிப்போனது.

“நல்ல பொண்ணு,” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள் வீராயி. “அவ குரல் இன்னும் என் காதுலயே நிக்குது.”

“நிக்கல, வீராயி. நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்.”

“பாரு, இப்பக்கூடக் கேக்குது,” என்று சொல்லி வீராயி அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு மூக்காயி வந்தாள். பேச்சியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை காலம் தான் தூக்கிய பிணம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்றாள். இப்படிப் பிணங்கள் இஷ்டத்துக்கு நடமாடினால் ஊரில் தனக்கு என்ன மரியாதை இருக்கும் என்று கேட்டாள். மறுபடியும் இடுப்பைக் கவ்வினாள். வழியெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டே போனாள்.

“உனக்கு அங்கே என்னடி குறை? நல்ல மேட்டு நிலம். எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. மேலே புதர் நிழல். நானே தேடிப் பிடிச்ச இடம்.”

அவள் இறக்கிவைத்துவிட்டுப் போன பிறகு பேச்சி மல்லாந்தபடியே கிடந்தாள். மேட்டு நிலம், நிழல், தண்ணீர் நிற்காது. அவள் மெல்லப் புரண்டு எழுந்து சுற்றிலும் பார்த்தாள். மூக்காயி சொன்னது உண்மைதான். முட்டைகளை வைக்க அந்தக் கரையிலேயே இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் முட்டைகளை இங்கே யார் தூக்கி வருவார்கள்? அவள் ஒருத்தி தூக்கினால் பத்து முட்டைகூடத் தேறாது. உயிருள்ள முட்டைகளை இங்கே கொண்டுவர யாரும் சம்மதிக்க மாட்டார்கள். செத்த முட்டைகள் என்றால் யாரையும் கேட்கவே வேண்டாம், மூக்காயியே தூக்கி வந்துவிடுவாள்.

தண்ணீர் ஒருவேளை பாதியிலேயே நின்றுவிட்டால், கூட்டத்தின் பிள்ளைகள் அத்தனையையும் குப்பையில் போட வைத்த பாவி என்ற பேர் அவளுக்குத்தான் வரும். அவள் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். அது நிற்கிற மாதிரி தெரியவில்லை. பேச்சி நேராக அந்த வெட்டுக்கிளியிடம் போனாள். இந்த முறை தெரிந்தே அதற்குள் இறங்கிப் புரண்டாள்.

வாசல் வழியாகப் போனால் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். வேருக்குப் பின்னால் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியே அடியறைக்குள் இறங்கினாள். பிணம் ஒன்று சுவரிலிருந்து இறங்கி வருவதைக் கண்டு செவிலிகள் அலறிக்கொண்டு மூக்காயியைக் கூப்பிட ஓடினார்கள். அந்த நேரத்துக்குள் பேச்சி முட்டைகள்மேல் ஏறினாள். ஒன்றின்மேல் உருண்டு அடுத்ததற்குத் தாவினாள். முந்நூறு முட்டைகளிலும் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

மூக்காயி வந்தாள். முதல் முட்டையை மோந்தாள். அடுத்ததை மோந்தாள். அறையின் கோடிவரை மோந்துகொண்டே போய்த் திரும்பினாள். தன் வாழ்நாளில் இப்படி ஒரு சாவைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, முப்பது பேரையும் வரச் சொன்னாள். அவர்கள் போதவில்லை. தீனி தேடப் போன வரிசையையும் நிறுத்தி இழுத்து வந்தாள். சாவு வேலையில் மூக்காயியை மிஞ்ச ஆளில்லை. அரை நாழிகையில் முட்டைகள் எல்லாம் மேடேறிவிட்டன. கடைசியாகப் பேச்சியையும் தூக்கினாள். பேச்சி இந்த முறை காலை ஆட்டவே இல்லை. இப்போதாவது புத்தி வந்ததே என்று மூக்காயி பாராட்டினாள்.

செவிலிகள் அழுதுகொண்டே பின்னால் வந்தார்கள். ராணியும் மேலறையிலிருந்து இறங்கி, பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தாள். எல்லோரும் மேட்டில் கூடியிருந்தபோது கீழே களக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நண்டு வளை உடைந்துவிட்டது. தண்ணீர் மரத்தடிக்குப் பாய்ந்து, வாசலில் நுழைந்து, வெடிப்பு வழியாகக் குமிழி விட்டது. கொஞ்ச நேரத்தில் புற்று இருந்த இடமே தெரியவில்லை.

எல்லோர் கண்ணும் தண்ணீரின்மேல் இருந்தது. வீராயிக்கு மட்டும் இன்னும் துக்கம் ஆறவில்லை. முட்டைகளை அவள் ஒவ்வொன்றாக நக்கிக் கொஞ்சினாள். மற்ற செவிலிகளும் அப்படியே செய்தார்கள். நக்க நக்க எண்ணெய் போனது. எண்ணெய் போனதும் முட்டை முட்டையாகவே மணத்தது. பிறகு வீராயி பக்கத்தில் கிடந்த தோழியையும் தடவி நக்கினாள். முதுகைத் துடைத்தாள், மூட்டுகளைத் துடைத்தாள். கடைசியில் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள்.

“பேச்சி, நீ எப்படி வந்தே?”

“இப்பத்தான் வந்தேன்,” என்றாள் பேச்சி. அதற்கு மேல் விளக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மூக்காயி ஒரு முட்டையை மோந்தாள். பேச்சியை மோந்தாள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, இன்னொரு தடவை மோந்தாள். கீழே தேங்கி நின்ற தண்ணீரையும் பார்த்தாள்.

“தண்ணி வருதுன்னு சொன்னியா?”

“ரெண்டு தடவை சொன்னேன் அக்கா.”

“நான் மோந்துக்கிட்டிருந்தேன். காதுல விழல,” என்றாள் மூக்காயி. அவள் குரல் சின்னதாக இருந்தது.

அந்த மேட்டிலேயே புதுப் புற்று எழுந்தது. மூக்காயி பழைய வேலையைத்தான் பார்த்தாள். ஆனால் எந்தப் பிணத்தைத் தூக்குவதற்கு முன்னும் குனிந்து, “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். இளவட்டங்கள் அதைப் பார்த்துச் சிரித்தன. அடுத்த மாதம், புளித்த பனம்பழச் சாற்றைக் குடித்துவிட்டு ஈ ஒன்றின் பிணத்தோடு கட்டிப்பிடித்துத் தூங்கிய ஒருத்தி, அந்தக் கேள்விக்கு, “இன்னும் கொஞ்சம் தூங்கணும்,” என்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒருவர்மேல் வீசும் வாடையை மட்டும் வைத்து அவரை முடிவு கட்டுகிறவர், எதிரே நின்று பேசுகிறவரையும் பிணமாக்கிவிடுவார்.