ஆடும் கொக்கி

"என்னை எங்கயாவது ஒரு ஆணி அடிச்சு உட்கார வைங்கம்மா," என்றார் கோமதிநாயகம்.

நின்றுகொண்டுதான் சொன்னார்.

மடத்தை நடத்துகிற தவமணி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அம்மாவுக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. கோமதிநாயகத்துக்கு அறுபது. தாடி வேறு. மடத்துக்குப் புதிதாக வருகிற ஆட்கள் அவர் காலில்தான் முதலில் விழுவார்கள். அவர் பதறிப் போய் அம்மாவைக் கை காட்டுவார்.

மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தென்காசிப் பக்கம், மலை அடிவாரம். மூன்று அறை, ஒரு கிணறு, மலை ஏறுகிறவர்களுக்கு மத்தியானச் சோறு. அவ்வளவுதான்.

"உட்கார்ந்தா என்ன ஆகுது அண்ணாச்சி?"

"கால் ஆடுது. அப்படியே எந்திரிச்சிருதேன். முப்பது வருசம் பஸ் கண்டக்டர்மா. உட்கார்ந்து பழக்கமே இல்லை."

"ஓடுற பஸ்ல விழுந்ததில்லையா?"

"முழங்காலை லூசா விட்டா எவனும் விழ மாட்டான். விறைச்சுக்கிட்டு நிக்கிறவன்தான் முதல் பிரேக்குல அடுத்தவன் மடியில கிடப்பான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"வேற எங்கயும் போய்ப் பாத்தீங்களா?"

"நாலு சாமியார்கிட்ட போனேன். எல்லாரும் கண்ணை மூடச் சொன்னாங்க. மூடினா உள்ளே டிக்கெட் டிக்கெட்னு ஒரே சத்தம்."

"சரி. இப்போ என்ன அவசரம்?"

"தை மாசம் சின்னவளுக்குக் கல்யாணம். மூத்தவ கல்யாணத்துல, தாலி கட்டுற நேரம், நான் மண்டபத்து வாசல்ல நின்னு ஒரு வேனுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கிட்டு இருந்தேன். வா, வா, வா, போதும்னு. ஆல்பத்துல எந்தப் போட்டோலயும் நான் இல்லை. வேன் டிரைவர் போன்ல எடுத்த போட்டோல மட்டும் இருக்கேன்."

"சின்னவ என்ன சொல்லுதா?"

"தாரணியா? 'மணவறையில ஒரு மணி நேரம் உங்களால உட்கார முடியுமா, முடியாதாப்பா? முடியாதுன்னா சித்தப்பா வந்து தாரை வார்த்துக் குடுக்கட்டும்'னு சொல்லிட்டா."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் உடம்பு ஆடவில்லை.

அம்மா உள்ளே போனார். ரம்பம், சுத்தியல், ஒரு அளவு டேப்போடு வந்தார். இழுத்தால் வரும், விட்டால் சர்ரென்று உள்ளே ஓடும், அந்தத் தகர டேப்.

"அரிசி ரூமுக்குக் கதவு வேணும். பழைய கடைகள்ல இருக்குமே, பலகையைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி மூடுறது. அது. எலி உள்ளே போகக் கூடாது."

"நான் ஆசாரி இல்லையேம்மா."

"எலியும் ஆசாரி பாத்து வாரதில்லை."

கோமதிநாயகத்துக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. ஞானம் கேட்டு வந்தவன் கையில் ரம்பத்தைக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

டேப்பை இழுத்தார். நுனியில் இருந்த கொக்கி ஆடியது. ஒரு நகக்கனம் முன்னே, ஒரு நகக்கனம் பின்னே. தக், தக்.

"சனியன், இதுவும் என்னைய மாதிரியே இருக்கு."

கொக்கியை உள்பக்கமாகத் தள்ளினார். கல்லின் மேல் வைத்தார். அதைப் பிடித்திருந்த ஆணித் தலைகள் மேல் சுத்தியலால் ரெண்டு போடு போட்டார்.

இப்போது அது அசையவில்லை. அவருக்கு ஒரு நிம்மதி. ஒன்றையாவது அடக்கியாச்சு.

வேலையை ஆரம்பித்தார். முதலில் வாசலின் அகலம். கொக்கியை இந்தச் சுவரில் முட்ட வைத்து, அந்தச் சுவர் வரைக்கும் அளந்தார். அதைப் பன்னிரண்டு பலகைக்குப் பங்கு போட்டார். பிறகு ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் கொக்கியை மாட்டி, இழுத்துப் பிடித்து, கோடு போட்டு அறுத்தார்.

நடுவில் எத்தனை தடவை எழுந்து போனார் என்று கேட்காதீர்கள். கிணற்றடிக்குப் போவார். கேட் வரைக்கும் போவார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டால் போதும், ரம்பம் பாதிப் பலகையில் தொங்கும், ஆள் ரோட்டைப் பார்த்து நிற்பார். ஆனால் அளவில் மட்டும் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவை அளந்த பிறகுதான் அறுத்தார்.

பலகைகளை வரிசையாக நிறுத்தினார். கடைசிப் பலகையும் நின்றது.

ஓரத்தில் ஒரு சந்து. சுண்டுவிரல் போகும்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சுண்டெலி அது வழியாக உள்ளே போனது. ஓடக்கூட இல்லை. நடந்து போனது.

"அம்மா, மரம் சுருங்கிருச்சு."

"இன்னைக்கு அறுத்த மரமா?"

"அப்போ சுவரு நகர்ந்திருக்கு."

அம்மா சுவரைப் பார்த்தார். "எங்கே போகுதாம்?"

கோமதிநாயகம் சந்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"ஒரு பலகையை எடுத்து மறுபடி அளங்க. கொக்கியை மாட்டாதீங்க. பத்துங்கிற கோட்டை ஓரத்துல வச்சு, அங்கே இருந்து எண்ணுங்க."

அளந்தார். ஒரு நகக்கனம் குறைந்தது. அடுத்த பலகை. அதிலும் ஒரு நகக்கனம். அதற்கடுத்தது. அதிலும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு சுண்டுவிரல்.

"டேப்பு பொய் சொல்லுதும்மா."

"எப்போ இருந்து?"

கோமதிநாயகம் கல்லைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார்.

தரையில் உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கொக்கியை நெம்ப ஆரம்பித்தார். அடிக்கும்போது ரெண்டே போடு. எடுப்பதற்குள் வெயில் கிணற்றைத் தாண்டிப் போய்விட்டது.

தக், தக்.

சுவரில் முட்ட வைத்தார். கொக்கி உள்ளே போனது. பலகையில் மாட்டி இழுத்தார். வெளியே வந்தது. மறுபடி முட்டினார். மறுபடி மாட்டினார்.

"எவ்வளவு ஆடுது?" என்றார் அம்மா.

"அந்தக் கொக்கித் தகரம் என்ன கனமோ, அவ்வளவு. முட்டுனா தன் கனத்தைச் சேர்த்துக்கிடுது. மாட்டுனா விட்டுருது. நான் அடிச்சு வச்சதுல, மாட்டும்போதும் தகரத்தைச் சேர்த்துல்லா அளந்திருக்கு."

"அதுக்கு மேல ஆடுதா?"

ஆட்டிப் பார்த்தார்.

"இல்லை."

அம்மா போய்ச் சுத்தியலை எடுத்தார். நீளமாக ஒரு ஆணியையும் எடுத்தார். அவருக்கு எதிரே வந்து குந்தினார். கோமதிநாயகத்தின் வலது கால் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா ஆணியின் நுனியை அதன் மேல் வைத்தார்.

"கேட்டீங்களே அண்ணாச்சி. எந்த இடத்துல அடிக்கட்டும்?"

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தார். எலியைத் தேடி அரிசி ரூமுக்குள் போனார்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. போய்விட்டது.

கோமதிநாயகம் போனை எடுத்தார்.

"தாரணி, நானே உட்காருதேன்."

"நிசமாவாப்பா? ஒரு மணி நேரம்."

"கால் ஆடும்."



"எவ்வளவு ஆடும்?"

கொக்கியைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். தக், தக்.

"அளவாத்தான். நீ சித்தப்பாவை வேனுக்கு ரிவர்ஸ் சொல்லச் சொல்லு."