முதுகு காட்டாத ஆசான்

சிலம்பக் களத்தில் கோதண்டம் ஆசானின் முதுகைப் பார்த்தவர் யாரும் இல்லை என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. எதிராளி எவனாக இருந்தாலும் அவர் திரும்பமாட்டார். அந்தப் பேரை அவர் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தார். சம்பாதித்ததைக் கீழே இறக்கி வைக்க மனமில்லாமல் அறுபது வயதுவரை தலையிலேயே சுமந்துகொண்டு திரிந்தார்.

அப்பேர்ப்பட்டவரைச் சாய்த்தது ஓர் ஏணி. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் சீரியல் லைட் கோணலாகத் தொங்குகிறது என்று, யாரும் கேட்காமலே ஏறினார். ஏணி வழுக்கியது. முதுகெலும்பு முறிந்து, அதற்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கிப்போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உணர்ச்சி இல்லாமல் போனது மட்டும் என்றால்கூடச் சகித்திருப்பார். அந்த மரத்த கால்கள் எரிந்தன. கிள்ளினால் தெரியாது, வெந்நீர் கொட்டினால் தெரியாது, ஆனால் அடுப்புத் தணலில் வைத்த மாதிரி இரவும் பகலும் எரியும். செத்த கால் எப்படி எரியும் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் நரம்பைப் பற்றி நிறையச் சொன்னார். ஆசானுக்கு அதில் புரிந்தது ஒன்றுதான். இது போகாது.

ஆஸ்பத்திரியில் தினமும் அவரைப் புரட்டிப்போட்டு முதுகைப் பார்த்தார்கள். வீட்டிலும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆசான் அந்த வழக்கத்துக்கு முழுக்குப் போட்டார். மனைவி இசக்கியம்மாள்கூடப் பின்பக்கம் வரக் கூடாது. கை எட்டிய வரைக்கும் ஈரத்துணியால் அவரே துடைத்துக்கொள்வார். எட்டாத இடம் எட்டாத இடமாகவே இருந்தது.

தையல்நாயகியைப் பற்றி விசாரித்து வந்து சொன்னது இசக்கியம்மாள்தான்.

மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தாள் தையல்நாயகி. வலியோடு வருகிறவர்கள் சில நாள் தங்கி ஏதோ கற்றுக்கொண்டு போனதால் ஊரார் அந்த வீட்டை மடம் என்றார்கள். மடத்தின் லட்சணம் எதுவும் அங்கே கிடையாது. அவள் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். அப்பா இறந்து, அவருக்குப் பதிலாகக் கிடைத்த வேலை. தண்டுவடத்துக்குள் ஒரு நீர்க்கட்டி வளர்ந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. ஆபரேஷனில் கட்டி அடங்கியது. கால்கள் திரும்பி வரவில்லை. வலி போகவில்லை. ஆசானின் மகள் வயதுதான் இருக்கும்.

ஆசானின் சக்கர நாற்காலி வாசலில் நுழைந்தபோது அவள் தன் நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

“படியில நிக்காதே சனியனே. ஏறிட்டேல்ல? உள்ள போ. உள்ள போய் ஒரு ஓரமா நில்லு.”

ஆசான் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் யாரும் இல்லை.

சற்று நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு மாத்திரையை வாயில் போட்டு மோரைக் குடித்தாள். ஈரத்துணி ஒன்றை முழங்காலில் விரித்துக்கொண்டாள்.

“வாங்க ஆசானே. உங்களைச் சொல்லல. வலியைச் சொன்னேன். இப்பத்தான் ஏறுச்சு.”

ஆசானுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அசையாமல், முகம் கோணாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை அவர் மனத்தில் வரைந்து வைத்திருந்தார். இவளோ மாத்திரை விழுங்குகிறாள், வாயில் வந்தபடி திட்டுகிறாள்.

“உங்களுக்கு வலி இருக்கா?”

“இருக்கு.”

“இன்னுமா?”

“நாளைக்கும் இருக்கும்.”

“அப்புறம் எனக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்கப் போறீங்க?”

“நீங்க என்ன வேணும்னு வந்தீங்க?”

“வலியை ஜெயிக்கணும்.”

தையல்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முதுகைக் காட்டுங்க,” என்றாள்.

இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“அது மட்டும் நடக்காது,” என்றார் ஆசான்.

“அப்ப நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்க முடியாது. இருக்கணும்னா இருங்க. சாப்பாடு உண்டு.”

வந்த வழியே போயிருக்க வேண்டியவர்தான். ஆனால் ஒரு பெண்பிள்ளை மறுத்துச் சொன்னாள் என்று திரும்பிப் போனால் அதுவும் முதுகு காட்டியதாகத்தானே ஆகும்? தங்கிவிட்டார்.

தினமும் காலையில் அவள் அதையே கேட்டாள். அவர் அதையே சொன்னார். மற்ற நேரமெல்லாம் அவர் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். கவனிக்கக் கவனிக்க அவருக்கு அவள்மேல் மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது.

அவளுக்குப் பல் விளக்குவதற்கு முன்பே கண்ணாடி வேண்டும். நீளக் காம்பு வைத்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தன் முதுகையே பார்த்துக்கொள்வாள். முகம் பார்க்கும் வயதில் முதுகைப் பார்க்கிறாளே என்று ஆசான் தலையில் அடித்துக்கொண்டார். துணி துவைத்தால் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். வலி வந்து நிறுத்தியதா என்றால் அதுவும் இல்லை. அது வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவாள். எழுந்து வந்து மீதியைத் துவைப்பாள். நாற்காலியிலாவது ஒழுங்காக உட்காருவாளா? பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்குவாள், சற்று நிறுத்தி இறக்குவாள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

“அதென்ன, சும்மா சும்மா எம்பிக்கிட்டு? ஒரு இடத்துல உட்கார முடியலையா?”

“முடியல,” என்றாள் சந்தோஷமாக.

“வலி துரத்துதாக்கும்.”

“இல்ல. நான்தான் அதுக்கு முன்னாடி நகர்றேன்.”

“எங்க களத்துல அதுக்குப் பேரு வேற.”

அவள் சிரித்தாள். அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஊர்ல என்ன சொல்லுதாங்க தெரியுமா அம்மா? இதெல்லாம் போன பிறவிப் பாவமாம். உங்களையும் சேர்த்துத்தான் சொல்லுதாங்க.”

“போன பிறவியில நான் யாருன்னு எனக்கே தெரியாது. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? கூட வந்தாங்களா?”

ஆசான் அவளுக்கு ஒரு பாடம் சொல்லித் தர வேண்டும் என்று முடிவு செய்தார். கற்க வந்த இடத்தில் கற்பிக்கத் தொடங்குவது ஆசான்களுக்கு உள்ள நோய்.

மறுநாளிலிருந்து முற்றத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தி அசையாமல் உட்கார்ந்தார். விரல்கூட அசையாது. அசைந்தால்தானே இங்கே ஓர் ஆள் இருப்பது வலிக்குத் தெரியும், அசையாமல் இருந்தால் அலுத்துப்போய் அதுவே போய்விடும் என்பது அவர் கணக்கு. மாத்திரையையும் நிறுத்தினார். கால்கள் கொழுந்துவிட்டு எரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டு கால்களையும் முறைத்தபடி இருந்தார். இசக்கியம்மாள் கெஞ்சினாள். தையல்நாயகி எம்பி உட்காரச் சொன்னாள், ஆள் வைத்துத் தூக்கவும் பார்த்தாள். கிட்டே வந்தவர்களை அவர் சும்மா விடவில்லை.

சில நாள் இப்படியே ஓடியது. ஒருநாள் பகலில் அவருக்கு எல்லாம் லேசாகிவிட்டது. எரிச்சல் எங்கேயோ தூரத்தில் போய் நின்றது. தலை மிதந்தது. முற்றத்து வெயில் தங்கமாகத் தெரிந்தது. ஆசான் வாய்விட்டுச் சிரித்தார்.

“அம்மா! இங்க வாங்க! அடங்கிடுச்சு. என்னமோ மிதக்குத மாதிரி இருக்கு. ஞானம்னு சொல்லுதாங்களே, அது இதுதான் போல.”

தையல்நாயகி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஞானம் இல்ல ஆசானே. காய்ச்சல்.”

இசக்கியம்மாள் ஓடி வந்தாள். கணவரைச் சற்றுச் சாய்த்ததும் அவர் உட்கார்ந்திருந்த மெத்தை நனைந்திருப்பது தெரிந்தது. வாடை வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“புண்ணு,” என்றாள் தையல்நாயகி. “முதுகு முடியுத இடத்துல, அழுத்தி அழுத்தி வந்திருக்கு. நகர்த்தாத இடத்துல ரத்தம் போகாது. தோலு செத்துப்போகும்.”

“புண்ணா? எனக்கு எங்கயும் வலிக்கலையே!”

“அதான் சொல்லுதேன்.”

தையல்நாயகி போனில் ஆட்டோவை உடனே வரச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“ஆசானே, ஒரு சந்தேகம். களத்துல ஒருத்தன் உங்க காலுக்குக் கம்பை வீசுத மாதிரி காட்டுதான். நீங்க காலையே பாத்துக்கிட்டு இருந்தா என்ன ஆகும்?”

“காலுக்கு எவன் வீசப் போறான்? ஏமாத்திட்டுத் தலையில போடுவான்.”

“எத்தனை நாளா காலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

ஆசானின் பார்வை காலைவிட்டு மெத்தையின் ஈரத்துக்குப் போனது.

“எரியுத இடத்துல ஒண்ணுமில்ல. எரியாத இடத்துல அடி விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. அது வாரதுக்குள்ள புண்ணை ஒருதடவை பாத்து, துடைச்சு மூடணும். ஆஸ்பத்திரியிலயும் உங்களைக் குப்புறப் போட்டுத்தான் மருந்து வைப்பாங்க. மாட்டேன்னு முரண்டு பிடிச்சா எலும்பு வரைக்கும் போகும், ரத்தத்துல கலக்கும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது.”

ஆசானின் உடம்பு நடுங்கியது. காய்ச்சலா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. பயம்தான். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

“விட்டுருங்க அம்மா. முதுகுல புண்ணு வாங்குனவன்னு பேரெடுத்துட்டு இருக்கதுக்கு, இப்படியே உக்காந்து போயிருதேன்.”

“நீங்க போயிருவீங்க,” என்றாள் இசக்கியம்மாள் தரையிலிருந்தபடியே. அவள் இப்படிக் குரல் உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. “அந்தப் பேரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அதுக்குச் சோறு பொங்கிப் போடவா?”

ஆசான் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தையல்நாயகியைப் பார்த்தார்.

“இந்தப் புண்ணு ஆறுனா வலி போயிருமா அம்மா?”

“போகாது.”

“அப்புறம் எதுக்கு?”

“நாளைக்கு அது வந்து ஏறும்போது நீங்க இருக்கணும். ‘படியில நிக்காதே, உள்ள போ’ன்னு சத்தம் போட ஒரு ஆள் வேணும். நீங்க இல்லைன்னா அதுல்ல ஜெயிச்சதா ஆயிடும்? அதுக்கா விட்டுக் கொடுக்கப் போறீங்க?”

ஆசான் தலையைக் குனிந்துகொண்டார். கை சட்டை நுனியைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றுவிட்டது.

தையல்நாயகி தன் நாற்காலியைச் சுழற்றி அவருக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள்.

“அக்கா, இந்த மேல்துணியைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க.”

இசக்கியம்மாள் எழுந்து வந்து இறக்கினாள். ஆசான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பாருங்க ஆசானே. உங்க மக முதுகுன்னு நெனச்சுப் பாருங்க.”

பார்த்தார். பிடரியிலிருந்து கீழே, கத்தி இறங்கிய தடம் தடித்துக் கிடந்தது. தோள்பட்டை எலும்பு ஒன்றின் மேல் ஒரு குழி, ஆறி வெளுத்து, ஒரு கரண்டி மாவு எடுத்த இடம் மாதிரி இருந்தது.

“அந்தக் குழி எப்படி வந்துச்சு?”

“படுத்த படுக்கையா இருந்தப்ப வந்துச்சு. நானும் யாரையும் பாக்க விடல.”

“உங்களுக்கு வெக்கமா இல்லையா அம்மா, இப்படிக் காட்டுததுக்கு?”

“மொதல்ல இருந்துச்சு. அது புண்ணை ஆத்தல.”

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆசானின் கண்ணில் நீர் முட்டியது. காய்ச்சல் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாத நீர்.

“புறமுதுகு காட்டிட்டான்னு ஊரு சொல்லுமே அம்மா.”

தையல்நாயகி திரும்பவில்லை. முதுகை அவருக்குக் காட்டியபடியே சொன்னாள்.

“ஓடுதவன் காட்டுனாத்தான் அது புறமுதுகு. நீங்களும் ஓடப் போறதில்ல, நானும் ஓடப் போறதில்ல. நம்மகிட்ட இருக்கது வெறும் முதுகு. சட்டையைத் தூக்குங்க ஆசானே.”