முந்திக்கொண்ட இருநூறு

ஒரு விடுகதை சொல்கிறேன். கேட்டால்தான் வாயைத் திறக்கும். திறந்ததும் முதலில் ஓர் எண்ணைச் சொல்லும். அடுத்து, கொண்டுவந்த சரக்கு எப்படிப்பட்டது என்று சொல்லும். கடைசியில்தான் சரக்கை நீட்டும். சொன்ன எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதற்கு வழியே கிடையாது. அது என்ன?

இணைய சர்வர்தான், கேட்டதைத் தேடி அனுப்பும் கணினி நிரல். அதன் பதில் இருநூறு என்று தொடங்கினால், கேட்டது கிடைத்தது என்று பொருள். நானூற்று நான்கு என்றால், அப்படி ஒன்று இல்லை என்று பொருள்.

தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு வேம்பு அப்படி ஒரு சர்வர் எழுதியிருந்தாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் பிளஸ் டூ படிக்கும் ஜெசிந்தா. கணினி மன்றத்துப் பிள்ளைகள் ஜெசிந்தாவுக்குக் கேலியாக வைத்த பெயர் குரு. யாராவது கும்பிட்டால் அவளும் சளைக்காமல் கையை உயர்த்தி ஆசி கொடுப்பாள்.

அன்று பள்ளியில் வட்டாரச் சதுரங்கப் போட்டி. யார் எந்த மேசையில், யாரோடு ஆட வேண்டும் என்று சொல்வது வேம்புவின் சர்வர். வாசலில் ஒரு கணினி, வருகிற பிள்ளையின் பெயரைச் சொல்லி சர்வரிடம் கேட்கும். இருநூறு வந்தால், உள்ளே இருப்பதை அப்படியே சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும். மேடையில் பெரிய திரை. ஒவ்வொரு இருநூறுக்கும் அதில், வந்த பிள்ளையின் பெயருக்கு நேரே, ஒரு பச்சைப் புள்ளி. வேறு எந்த எண் வந்தாலும் சிவப்பு.

மதியம்வரை திரை முழுக்கப் பச்சை. தலைமையாசிரியை விருந்தினர்களை அழைத்துவந்து, எங்கள் பிள்ளை எழுதியது என்று காட்டினார். முதல் சுற்றிலேயே சர்வர் படுத்துவிடும் என்று பந்தயம் கட்டியிருந்த கணினி மன்றத்து அன்ட்ரோ திரைப் பக்கமே திரும்பவில்லை. வேம்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது நடுவர் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சகாயமேரி, ஆறாம் வகுப்பு, கடற்கரை ஊர்ப் பிள்ளை. யாரும் இல்லாத ஒரு மேசையில் போய் அந்தச் சுற்று முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஆட வேண்டிய மேசையில் கடிகாரம் ஓடித் தீர்ந்து, ஆடாமலே தோற்றுவிட்டாள்.

யாருக்காகக் காத்திருந்தாய் என்று ஜெசிந்தா கேட்டாள். சிறுமி சீட்டை நீட்டினாள். அதில் மேசை எண்ணே இல்லை; எதிராளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மன்னிக்கவும்’ என்று அச்சாகியிருந்தது.

“மன்னிக்கவும்னு ஒரு அண்ணன் வருவாங்கன்னு இருந்தேங்க்கா,” என்றாள்.

அன்ட்ரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சுற்றின் பெயர்களை அவசரமாக ஏற்றியபோது சில விடுபட்டிருந்தன. வேம்புவின் சர்வரோ, கேள்வி வந்ததும் முதல் வரியிலேயே இருநூறு என்று அனுப்பிவிட்டு, பிறகுதான் பெயரைத் தேடும். பெயர் இல்லாவிட்டால் உள்ளே பணிவாக ஒரு மன்னிப்பு எழுதும். திரை பச்சையாகவே இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது.

“உள்ள ஒழுங்காத்தானேக்கா எழுதிருக்கேன்? இதுல என்ன தப்பு?” என்றாள் வேம்பு.

ஜெசிந்தா தன் பையில் இருந்த கடலை மிட்டாயை எல்லாம் சகாயமேரியின் கையில் வைத்தாள். காலிக் காகிதத்தில் ஏதோ எழுதிப் பொட்டலமாக மடித்து, மேலே ‘கடலை மிட்டாய்’ என்று எழுதி, அன்ட்ரோவிடம் கொடுக்கும்படி வேம்புவிடம் நீட்டினாள்.

அன்ட்ரோ ஆசையாகப் பிரித்தான். ‘தீர்ந்துபோச்சு, கோவிச்சுக்காத’ என்று உள்ளே எழுதியிருந்தது.

“ஏட்டி, என்ன ஆளைப் பாத்து விளையாடுதியா?” என்று அவன் வேம்புவிடம் பாய்ந்தான்.

“ஏன்ல கத்துத? உள்ள ஒழுங்காத்தானே எழுதிருக்கு,” என்றாள் ஜெசிந்தா.

வேம்பு அந்தக் காகிதத்தை வாங்கி, மேலே ஒரு தரம் படித்தாள், உள்ளே ஒரு தரம் படித்தாள். பிறகு போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

அடுத்த சுற்றின் பெயர்களும் அதே அவசரத்தில்தான் ஏறியிருந்தன. எந்தப் பிள்ளைகள் விடுபட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் வரிசை நகரத் தொடங்கியது. விருந்தினர்கள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் பாக்காங்கக்கா. சிவப்பா விழும். அவங்க போன பெறகு மாத்தட்டா?”

ஜெசிந்தா மைக்கைக் கையில் எடுத்தாள்.

“சிவப்பு விழுந்தாத்தான பிள்ள, யாரக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும்?”

வேம்பு இருநூறு என்று அனுப்பும் முதல் வரியை வெட்டி, பெயரைத் தேடுகிற வரிக்குக் கீழே ஒட்டினாள். பெயர் இல்லாதவர்களுக்கு நானூற்று நான்கு என்று எழுதினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சர்வரை மறுபடி ஓடவிட்டாள்.