மூன்று குட்டி மீட்டர்களும் ஒரு பழைய பிரிட்ஜும்

சேலையூரில் ஒரு மாடி வீட்டில் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருந்தார்கள். அந்த வீட்டு ஹாலில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. குடிவந்த வாரமே மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதன் கதவு லேசில் மூடாது. முழங்காலால் அடியில் ஒரு முட்டு கொடுத்து, கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். அந்த வித்தை அந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். விருந்தாளி யாராவது திறந்துவிட்டு மூடத் தெரியாமல் முழித்தால் பிரிட்ஜுக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

மற்ற சாமான்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எஜமானி உண்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வளர்மதிக்கு ஒரு ஹீட்டர் கம்பி. இரவு வேலை முடிந்து காலையில் வந்ததும் அதை வாளித் தண்ணீரில் போட்டுச் சுடவைத்து, குளித்துவிட்டுத்தான் படுப்பாள். ஜவுளிக் கடையில் வேலை பார்த்த தாட்சாயணிக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி. கடைச் சேலையில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அவளுடைய சூப்பர்வைசருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். பள்ளிக்கூட டீச்சர் ஜெசிந்தாவுக்குச் சக்கரம் வைத்த ஓர் ஏர்கூலர். சாயங்காலம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவள், அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் மனுஷியாவாள்.

"எனக்கு என் வளர்மதி இருக்கா" என்று பீற்றிக்கொள்ளும் ஹீட்டர்.

"எனக்கு மூணு பேர் இருக்காங்க" என்று சொல்லும் பிரிட்ஜ். அதைச் சொல்வதில் அதற்கு அவ்வளவு பெருமை.

கரண்டு பில் வந்தால் மூன்றாகப் பிரிப்பார்கள், முடிந்தது. கத்திரி வெயில் முடிந்து வந்த பில்தான் வினையாயிற்று. மூவரும் அதை ஹாலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இதென்னுங்க்கா, போன தடவைக்கு ரெட்டிப்பா வந்திருக்குது?" என்றாள் ஈரோட்டுக்காரி தாட்சாயணி. "நான் காலைல போனா ராத்திரிதான் வர்றேன். வீட்டுலயே இல்லாதவ எதுக்குங்க சரிபங்கு தரோணும்?"

"என் கூலரைத்தானே சொல்லுதே? நேராச் சொல்லேன்" என்றாள் தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா. "நீ தினம் ஒரு சேலையை அரை மணி நேரம் தேய்க்கியே, அது எந்தக் கணக்குல சேத்தி?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்கடி" என்றாள் மூத்தவள் வளர்மதி. "என்கிட்ட இருக்கது ஒரே ஒரு கம்பி. அது என்னத்தத் தின்னுரப் போகுது?"

"ஒரு கம்பியா? அதைப் போட்டா வீட்டு லைட்டே மங்குதுங்க்கா!" என்றாள் தாட்சாயணி.

மூவருக்கும் மற்ற இருவர் செலவு அத்துப்படியாகத் தெரிந்திருந்தது. தன் செலவு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு சாமான்கள் அதே சண்டையை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டன. கூலர் இஸ்திரிப்பெட்டியைச் சொன்னது. இஸ்திரிப்பெட்டி ஹீட்டரைச் சொன்னது. ஹீட்டர் எல்லோரையும் சொன்னது. பொறுக்காமல் பிரிட்ஜ், மாடிப்படிக்கு அடியில் இருந்த பெரிய மீட்டரைக் கம்பி வழியாகக் கூப்பிட்டது.

"மீட்டரய்யா, நீங்களே சொல்லுங்க. இவ்வளவையும் யார் குடிச்சது?"

"எனக்கு என்னப்பா தெரியும்? எல்லாம் ஒரே கம்பியிலதான் போகுது. எவ்வளவு போச்சுன்னு சொல்லுவேன். யார் வாய்க்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றது மீட்டர்.

பெண்களுக்கும் அதே குறைதான். அதைத் தீர்க்க வழி சொன்னவர் எலக்ட்ரீஷியன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வீடு மூன்றுபட்டால் எலக்ட்ரீஷியனுக்கு. ஆனி பிறந்ததும் அவர் வந்து, மூன்று அறை வாசலிலும் மூன்று குட்டி மீட்டரை மாட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். இனி அவரவர் அறைக்கு அவரவர் பொறுப்பு. பெரிய மீட்டரில் மிச்சம் எவ்வளவு வருகிறதோ அது ஹால் கணக்கு. அதை மட்டும் மூன்றாகப் பிரிப்பது.

குட்டி மீட்டர்கள் வந்த அன்றே சட்டம் பேச ஆரம்பித்தன.

"எங்க அறைக்குள்ள ஒரு பொட்டுக் கரண்டு போனாலும் எழுதிடுவோம்" என்றது வளர்மதி அறை மீட்டர்.

"ஹாலுக்கு யார் எழுதுவா?" என்று கேட்டது பிரிட்ஜ்.

"அது எங்க எல்லையில இல்லையே" என்றன மூன்றும் ஒரே குரலில்.

நான்கு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் நாள் காலை, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். வளர்மதி வேலை முடிந்து வந்தாள். தன் அறைக்குள் போனவள், வாசலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த குட்டி மீட்டரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாளியை ஹாலுக்கே தூக்கிவந்து, பிரிட்ஜுக்குப் பக்கத்து பிளக்கில் ஹீட்டரைச் செருகினாள்.

"என்னடா, இங்க வந்துட்டே?" என்றது பிரிட்ஜ்.

"கொஞ்ச நேரம்தாண்ணே. வெளிய சொல்லிடாதே" என்றது ஹீட்டர், தண்ணீருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு.

மறுநாள், ஜெசிந்தா பள்ளிக்கூடம் போன பிறகு, தாட்சாயணி சாப்பாட்டு மேஜையின்மேல் போர்வையை மடித்துப் போட்டாள். அதே பிளக். இஸ்திரிப்பெட்டி பிரிட்ஜைப் பார்த்துப் பல்லிளித்தது. அன்று சாயங்காலம், வளர்மதி வேலைக்குக் கிளம்பிய பிறகு, சக்கரம் கிரீச்சிட, கூலரும் ஹாலுக்கு உருண்டு வந்து சேர்ந்தது.

"அறையில காத்து வரலையாம்ணே" என்றது கூலர்.

பிரிட்ஜ் யாரையும் விரட்டவில்லை. உண்மையைச் சொன்னால், பகலெல்லாம் தனியாக நின்ற அதற்கு இந்தக் கூட்டம் பிடித்தே இருந்தது. ஒருத்தி வரும்போது மற்ற இருவர் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஆகையால் ஒருத்தி செய்வது இன்னொருத்திக்குத் தெரியாது. மூன்றும் தெரிந்தது பிரிட்ஜுக்குத்தான். வைத்ததைக் கெடாமல் வைத்திருப்பது அதன் தொழில் அல்லவா? மூன்று ரகசியங்களையும் அப்படியே வைத்திருந்தது.

ஆனி முடிந்தது. மூவரும் கணக்குப் பார்த்தார்கள். குட்டி மீட்டர்கள் மூன்றும் ஏழைபோல் ஒல்லியாக நின்றன. அறைகளில் யாரும் எதுவும் செலவழிக்கவில்லை. ஹால் கணக்குதான் மலைபோல் ஏறியிருந்தது.

பிறகு யார் முதலில் பார்த்தார்களோ தெரியாது, மூன்று பேர் கண்ணும் பிரிட்ஜின்மேல் நின்றது.

"ஹால்ல வேற என்னக்கா இருக்கு? இது ஒண்ணுதான்" என்றாள் ஜெசிந்தா.

"பழைய பெட்டி. கதவும் சரியா மூடறதில்லீங்க. அதான் ராப்பகலா ஓடுது" என்றாள் தாட்சாயணி.

"ஆமா, இத்தனை நாளும் இதுதான் நம்மளத் தின்னிருக்கு" என்றாள் வளர்மதி. அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பழியைத் தூக்கிப்போட ஒரு தோள் கிடைத்துவிட்டால் யாருக்குத்தான் நிம்மதி வராது?

பிரிட்ஜ் அதிர்ந்துபோய் மற்ற மூன்றையும் பார்த்தது. ஹீட்டர் ஆணியில் தொங்கியபடி சுவரைப் பார்த்துக்கொண்டது. இஸ்திரிப்பெட்டி குப்புறப் படுத்திருந்தது. கூலர் மட்டும் முனகியது: "நாங்க பேசினா அவங்களுக்குக் கேக்கவா போகுது? விடுண்ணே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழைய சாமான் கடைக்காரர் வந்து பார்த்தார். பிரிட்ஜைத் தட்டினார், குனிந்து பின்புறம் பார்த்தார்.

"விலை போகாதும்மா இது, யாரும் வாங்க மாட்டாங்க. கம்ப்ரஸரைக் கழட்டிக்கிட்டு மிச்சத்தை இரும்புக்குப் போட்டுருவேன். ஆனா இப்ப எடுக்க முடியாது. ஆடி பொறந்துடுச்சு, யாரும் குடித்தனம் மாத்த மாட்டாங்க. கடையில சரக்கு நகராம அடைஞ்சு கிடக்கு. ஆவணி மொதல் ஞாயிறு வண்டியோட வர்றேன்."

அவர் படியிறங்கியதும் தாட்சாயணி பிளக்கைப் பிடுங்கினாள். பிரிட்ஜின் மூச்சு நின்றது. உள்ளே துடைத்து, நாற்றம் பிடிக்காமலிருக்கக் கதவு இடுக்கில் ஒரு தோசைக்கரண்டியைச் செருகி வைத்தார்கள். ஆடி முழுக்க அது வாயைத் திறந்தபடி ஹாலில் நின்றது. இனி அந்தக் கதவை யாரும் முழங்காலால் முட்டப் போவதில்லை என்பதுதான் அதற்குத் தாங்கவில்லை. கழற்றி இரும்புக்குப் போடப்போகிற கவலைகூட அதற்குப் பிறகுதான்.

இஸ்திரிப்பெட்டிக்கோ வசதியாகிவிட்டது. "உன் பிளக் சும்மாதானேண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டு அங்கேயே செருகிக்கொண்டது. பழி போன தைரியத்தில் ஹீட்டரும் கூலரும் முன்னைவிட அதிக நேரம் ஹாலில் ஓடின.

வீட்டில் பால் திரிந்தது. முன்பெல்லாம் வளர்மதி ஞாயிற்றுக்கிழமை ஒரு குண்டான் மாவு அரைத்துவைப்பாள். மூவரும் வாரம் முழுக்க எடுத்துக்கொள்வார்கள். இப்போது அரைத்த மாவு மறுநாளே புளித்துப் பொங்கி வழிந்தது. அதன்பிறகு ஆளுக்கொரு பாக்கெட் மாவு வாங்கி, அவரவருக்குத் தோசை ஊற்றி, அவரவர் அறையில் தின்றார்கள். ஒருவரோடு ஒருவர் பேச விஷயமே இல்லாமல் போயிற்று.

ஆவணி முதல் ஞாயிறு கடைக்காரர் சொன்னபடியே வந்தார். வாசலில் குட்டியானை லோடு வண்டி நின்றது. மூன்று பெண்களும் அன்று வீட்டில் இருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்கண்ணா. எவ்வளவு மிச்சமாச்சுன்னு பாத்துட்டுச் சந்தோசமாக் குடுத்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, தாட்சாயணி மூன்று குட்டி மீட்டரையும் செல்போனில் குறித்துக்கொண்டு, பெரிய மீட்டரைப் பார்க்கப் படிக்கு அடியில் போனாள். திரும்பி வந்தவள் முகம் சுண்டிப் போயிருந்தது.

"கொறையலீங்க்கா. போன மாசத்தைவிட ஹால் கணக்கு ஏறியிருக்குது."

"அதெப்படி? பிரிட்ஜ்தான் ஓடவேயில்லையே!" என்றாள் வளர்மதி.

அவள் தன்னையறியாமல் குனிந்து பிளக்கைப் பார்த்தாள். அதன் கீழே, தரையில், வாளி வைத்து வைத்து ஒரு வட்டம் விழுந்திருந்தது. மேஜை விரிப்பில் இஸ்திரிப்பெட்டி நுனி பட்டுப் பழுப்பேறியிருந்தது. ஜெசிந்தாவின் அறையிலிருந்து ஹால் வரைக்கும் சக்கரத் தடம், மாட்டுவண்டி போனதுபோல. தினம் இவற்றின்மேல்தான் மூவரும் நடந்தார்கள். அன்றுதான் கண்ணில் பட்டது.

யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜெசிந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யக்கா, நான் சாயங்காலம் கூலரை இங்கதான் போடுதேன். என் மீட்டர் ஓடிரக் கூடாதுன்னுதான். வெக்கமாத்தான் இருக்கு."

"நானும் இங்கதாங்க்கா தேய்க்கறேன்" என்றாள் தாட்சாயணி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

வளர்மதி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கெல்லாம் மூத்தவ, வாளியையே ஹாலுக்குத் தூக்கிட்டு வந்திருக்கேன்டி! ஷாக் அடிச்சிருந்தா நானே என் ஆஸ்பத்திரியில படுத்துருப்பேன்."

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்த பிறகு அடக்கவும் முடியவில்லை.

"கூலர் என்னுது. நான் கொஞ்சம் கூடவே தாரேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நீ கேட்ட தோரணையில வாய் வரல்ல" என்றாள் ஜெசிந்தா.

"கேட்டது தப்புதாங்க்கா. இனி ஒவ்வொருத்தரும் அவங்கவுங்க செலவை மொதல்ல சொல்லிப்போடலாம். அடுத்தவங்க செலவை அப்புறம் பேசலாம்" என்றாள் தாட்சாயணி.

"அப்ப நான் மொதல்ல சொல்றேன். அந்தக் கம்பி பொல்லாத கம்பிதான்டி" என்றாள் வளர்மதி.

வாசலில் நின்ற கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. "அம்மா, வண்டி வாடகை ஏறுது. பெட்டியைத் தூக்கட்டுமா?"

மூவரும் பிரிட்ஜைப் பார்த்தார்கள். தோசைக்கரண்டியைக் கடித்தபடி அது நின்றது.

"இல்லண்ணே, இதைக் குடுக்கல" என்றாள் வளர்மதி. "உங்களை வெறுங்கையோடயும் அனுப்ப மாட்டோம். மூணு குட்டி மீட்டர் இருக்கு, புதுசு. எடுத்துக்கறீங்களா?"

அன்றைக்கே அவை கழற்றப்பட்டன. வண்டியில் ஏறும்போதுகூட மூன்றும் ஒன்றையொன்று பார்த்து, "உன்னுதுல ஏன் கூட ஓடியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தன.

தாட்சாயணி பிளக்கைச் செருகினாள். பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி, பழைய முனகலோடு மூச்சு விட்டது. ஜெசிந்தா கரண்டியை உருவ, வளர்மதி முழங்காலால் ஒரு முட்டு கொடுத்து, லேசாகத் தூக்கிக் கதவைத் தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே யாருக்கும் தெரியாமல் பிரிட்ஜ் கொஞ்சம் அழுதது. பனி உருகினதாக இருக்கும் என்று மற்ற சாமான்கள் நினைத்துக்கொண்டன.

அடுத்த வாரம் உள்ளே ஒரு குண்டான் மாவு இருந்தது. கூலர் ஜெசிந்தா அறைக்குள், ஹீட்டர் வளர்மதி அறைக்குள், எல்லாம் அதனதன் இடத்தில். ஓய்வாக இருந்த ஒரு பகலில் பிரிட்ஜ் பெரிய மீட்டரைக் கூப்பிட்டது.

"மீட்டரய்யா, இப்பவாவது தெரியுதா, யார் எவ்வளவு குடிக்கிறாங்கன்னு?"

"இப்பவும் தெரியாதுப்பா" என்றது மீட்டர், நிதானமாக ஓடியபடி. "ஆனா இப்ப என்னை யாரும் கேக்கறதில்ல."