மூங்கிலின் நுனி

"அவனுக்குத் தொப்பை, வாத்தியாரம்மா," என்றான் இசக்கிராஜ்.

"ஆமா," என்றாள் செண்பகவல்லி. ஈரத்துணியால் மூங்கிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வயிறு ஆறு கட்டா நிக்குது."

"ஊரே பார்க்குதே. நீதான் சட்டையே போடறதில்லையே."

அவன் சிரிக்கவில்லை.

கோயில் கொடைத் திருவிழா நாளன்று செண்பகவல்லி கழை ஏறுவாள். பதினெட்டு அடி மூங்கில். அதன் அடியை ஒருவன் தன் வயிற்றில் கட்டிய தோல்பட்டையில் தாங்கி நிற்பான். கை படக்கூடாது. நுனியை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. நுனி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் வயிறு போக வேண்டும்.

இத்தனை வருஷமாகத் தாங்கியவர் அவள் கணவர். அவருக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்தது தான்தான் என்று நாலு வருஷமாக இசக்கிராஜ் காத்திருந்தான்.

நேற்று அவள் அந்தப் பட்டையை மாசிலாமணியின் இடுப்பில் கட்டினாள். தன் கையாலேயே கட்டினாள். மாசிலாமணி பால்காரன். அவளிடம் பழகச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

இசக்கிராஜுக்கு இரவெல்லாம் நெஞ்சு எரிந்தது.

"நான் தினமும் முந்நூறு தடவை படுத்து எழுந்திருக்கேன். அவன் எத்தனை?"

"நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்றான். முதுகைத் தரையில அழுத்தி, மூச்சை விட்டு, காலை ஒரு சாண் தூக்கி நிறுத்துறான். ஒரு பத்து செய்வான்."

"நேத்து பதினொண்ணு. ஒன்பதாவதுல இடுப்பு தரையை விட்டு எழும்பிட்டு. அதை மறுபடி செஞ்சான். பதினொண்ணாவதுல உதடு நடுங்குச்சு."

செண்பகவல்லி துணியைப் பிழிந்தாள்.

"நல்லா பார்த்திருக்கே," என்றாள்.

"என்னைச் சோதிச்சுப் பாருங்க. நான் தவறினா இனி இந்தப் பேச்சே எடுக்கலை."

அவள் துணியைக் கொடியில் போட்டாள். பிறகு உள்ளே போய்ப் பட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

அவனே கட்டிக்கொண்டான்.

முற்றத்து மணலில் கால் அகற்றி நின்றான். மூங்கிலின் அடி பட்டையில் அமர்ந்தது. கைகளை விரித்தான். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். மூன்றடி. ஆறடி. ஒன்பதடி.

வயிறு பாறையாக இறுகியிருந்தது. மூங்கில் நேராக நின்றது. நுனியில் வானம் வெளுத்துக் கிடந்தது.

இப்போது மாசிலாமணி வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று இசக்கிராஜ் நினைத்தான்.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்தன. மாசிலாமணி உள்ளே வந்தான். முற்றத்தைப் பார்த்தான். கேன்களைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டு, கால் கழுவப் பின்பக்கம் போனான்.

மூங்கில் வலது பக்கம் சாய்ந்தது.

செண்பகவல்லி சரசரவென்று வழுக்கி இறங்கி மணலில் குதித்துச் சரிந்தாள். மூங்கில் அவள் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

இசக்கிராஜ் ஓடிப்போய் அவளைத் தூக்கப் பார்த்தான். அவள் தானே எழுந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

"காத்து அடிச்சிட்டு," என்றான்.

அவள் முற்றத்து முருங்கையைப் பார்த்தாள். ஓர் இலைகூட ஆடவில்லை.

"என் வயிறு அசையவே இல்லையே, வாத்தியாரம்மா. கல்லு மாதிரி நின்னுச்சே. நீங்களே சொல்லுங்க."

"ஆமா. அசையலை."

"அப்புறம் எப்படி?"

அவள் கையிலிருந்த மணலை மெதுவாக ஊதினாள். வலித்திருக்க வேண்டும். முகத்தில் காட்டவில்லை.

"இசக்கி, மாசிலாமணி இன்னைக்கு என்ன சட்டை?"

"நீலம். மேல் பித்தான் இல்லை. அந்த இடத்துல ஊக்கு குத்தியிருக்கான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பின்பக்கம் வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. இசக்கிராஜ் பட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.